‘உங்களுக்குத் தெரியுமா?’ சரிங்க, அதை யார் பார்த்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில், ‘உங்களுக்குத் தெரியுமா?’ பெட்டிக்குள் ஒரு நாக்குப் படம் போட்டிருந்தீர்கள். நுனியில் இனிப்பு, இரண்டு ஓரங்களிலும் புளிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று வயலுக்கு வரப்புப் போட்ட மாதிரி பாகம் பிரித்து, நாலு கலரில். என் பேரன் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிய பிறகுதான் என்னிடம் காட்டினான். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கோபம் வந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இதே பெட்டியில் இதே படம் வந்தது. அதை நம்பி, ஓடுகிற பஸ்ஸில் ஐம்பது பேர் முன்னால் அசடு வழிந்தவன் நான்.

நான் ஓய்வுபெற்ற நடத்துநர். 29 வருட சர்வீஸில் 16 வருடம் சேலம் – ஏற்காடு தடம். அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பயணிகளுக்குக் காது அடைக்கும், குமட்டும், பயமும் இருக்கும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனால் பாதிப் பேருக்கு வாந்தி மறந்துபோகும் என்பது என் அனுபவம். அதற்கு உங்கள் பெட்டிதான் எனக்குக் கைகொடுத்தது. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், தேனீ ஆடி ஆடி மற்ற தேனீக்கு வழி சொல்லும், இப்படி வந்ததையெல்லாம் கத்தரித்துப் பையில் வைத்திருப்பேன். டிக்கெட் போட்டு முடித்ததும் கம்பியில் சாய்ந்துகொண்டு உரக்கப் படிப்பேன். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள், மிளகு வியாபாரிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்பார்கள்.

அன்றைக்குச் சாயங்கால நடை. ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து சேலத்தில் படிக்கிற ஒரு பெண், எட்டாவதோ ஒன்பதாவதோ, முன் படிக்கட்டுக்கு அடுத்த சீட்டைத் தினமும் பிடித்துவிடும். கையில் எப்போதும் ஒரு பொட்டலம். அன்றைக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்க் கீற்று. நான் நாக்குப் படத்தைத் தூக்கிக் காட்டிப் படித்ததும், ஒரு கீற்றை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு கண்ணை இடுக்கியது.

“நுனியிலயே புளிக்குது அங்கிள்.”

“அது ஓரத்துக்கு வழிஞ்சிருக்கும் கண்ணு.”

நாக்கைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தது. “இல்லீங்க அங்கிள். உப்பும் நுனியிலதான் கரிக்குது.”

“பேப்பர்லயே போட்டிருக்காங்க. பொய்யா போடுவாங்க?”

“போட்டவங்க நாக்குல வெச்சுப் பாத்தாங்களா?”

பஸ்ஸே சிரித்தது. பின் சீட்டிலிருந்து ஒருவர், “கண்டக்டரே, என் மீதிச் சில்லறையக் குடுத்துட்டு அப்புறமா நாக்கப் பாருங்க” என்றார்.

அன்று ராத்திரி வீட்டில் சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், பாகற்காய்ச் சாறு நாலையும் நாலு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, குச்சியில் பஞ்சு சுற்றி, கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துவிட்டாள். எல்லாச் சுவையும் எல்லா இடத்திலும் தெரிந்தது. இடத்துக்கு இடம் லேசாகக் கூடக் குறைய இருக்கலாம், அவ்வளவுதான்.

அந்தப் படம் எங்கிருந்து கிளம்பியது என்று பிறகு நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹேனிக் என்ற ஜெர்மன்காரர் 1901-ல் நாக்கின் விளிம்பைச் சுற்றி அளந்து பார்த்து, சில இடத்தில் சில சுவை கொஞ்சம் சீக்கிரம் தெரிகிறது என்று எழுதினார். வித்தியாசம் சொற்பம். 1942-ல் போரிங் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் தன் புத்தகத்தில் அந்தக் கணக்கை வரைபடமாகப் போட்டார். அதைப் பார்த்தவர்கள், இந்த இடத்தில் இந்தச் சுவை உண்டு, அந்த இடத்தில் சுத்தமாக இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து பாடப்புத்தகம், பாடப்புத்தகத்திலிருந்து உங்கள் பெட்டி, பெட்டியிலிருந்து என் பஸ். வழியில் ஒருத்தரும் ஒரு சிட்டிகை உப்பை நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கவில்லை. மாங்காய் தின்ற அந்தப் பெண் வைத்துப் பார்த்தது.

மாங்காய் என்றதும் ஒன்று. அந்த மிளகாய்த்தூள் விஷயத்தில் நமக்கும் விஞ்ஞானிகளுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. நாம் அறுசுவையில் கார்ப்பைச் சேர்த்து வைத்திருக்கிறோம். அவர்கள் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்போடு, 1908-ல் ஜப்பானில் இகேடா என்ற வேதியியலாளர் கடற்பாசிக் குழம்பிலிருந்து பிரித்தெடுத்த உமாமியையும் சேர்த்து ஐந்து என்கிறார்கள். காரம் சுவையே கிடையாதாம், அது சூட்டையும் வலியையும் உணரும் நரம்பின் வேலையாம். முதலில் எனக்கு ஒப்பவில்லை. பிறகு என் மனைவி பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு ராத்திரி முழுக்கக் கை எரிகிறது என்று மோரில் விரலை முக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். விரலில் நாக்கு இல்லையே! அதோடு ஒப்புக்கொண்டேன். அதற்காக அறுசுவையை மாற்ற வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அது சாப்பாட்டுக் கணக்கு, இது நரம்புக் கணக்கு.

என் கோரிக்கை சின்னது. ‘தெரியுமா?’ என்று ஒரு வரி போட்டால், அடியிலேயே ‘இது எப்படித் தெரிந்தது’ என்று இன்னொரு வரி போடுங்கள். இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். நாக்குப் படத்துக்கு அரைப் பத்தி கொடுத்தீர்கள்.

அந்த இரண்டாவது வரியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் தடத்திலிருந்தே சொல்கிறேன்.

‘உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும்’ என்று உங்கள் பெட்டியில் வந்திருக்கிறது. படித்தவன் கொட்டாவி விட்டிருப்பான். நான் அதைத் தினமும் ஆறு தடவை காதால் உணர்ந்தவன். ஏறும்போது அறுபதடிப் பாலம் பக்கம் போனால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளும். புளிப்பு மிட்டாய் கொடுத்து எச்சிலை விழுங்கச் சொல்வேன். ‘டப்’ என்று திறக்கும். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் தலையணை மாதிரி உப்பி நிற்கும். இறங்கும்போது இதற்கு நேர் எதிர். ஏற்காட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு இறுக மூடிப் போட்ட காலி பாட்டில் சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டே வரும். கோரிமேட்டில் எடுத்துப் பார்த்தால், யாரோ இரண்டு கையாலும் பிடித்து நசுக்கினது போல ஒடுங்கியிருக்கும். சேலம் 278 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். மேலே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைச்சல்.

சரி, முதன்முதலில் இதை யார் பார்த்தது? பிரான்ஸில் பாஸ்கல் என்ற கணக்குப் புலி இருந்தார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினால் முழுவதும் கொட்டிவிடாமல் ஓர் உயரத்தில் நின்றுகொள்கிறது. இது ஏன் என்று அப்போது பெரிய சண்டை. வெற்றிடம் என்றால் இயற்கைக்கே ஆகாது, அதனால் பாதரசத்தைப் பிடித்து வைக்கிறது என்று ஒரு கட்சி. வெளியே இருக்கிற காற்றின் எடைதான் அதைத் தாங்குகிறது என்று இன்னொரு கட்சி. காற்றின் எடை என்றால் மலைமேல் காற்று குறைவு, அங்கே பாதரசம் இறங்க வேண்டும். மலை உச்சியில் மட்டும் இயற்கைக்கு வெறுப்புக் குறையுமா என்ன? பாஸ்கல் உடம்புக்கு முடியாதவர். அதனால் அக்காள் வீட்டுக்காரர் பெரியேவுக்குக் கடிதம் போட்டு, உங்கள் ஊர் மலையில் ஏறிப் பாருங்கள் மாமா என்று கேட்டுக்கொண்டார். மாமா என்றது என் சேர்க்கை.

அந்த மலைக்குப் புய் தெ தோம் என்று பெயர். உயரம் 1,465 மீட்டர். நம் ஏற்காட்டைவிட வெறும் 50 மீட்டர் குறைச்சல்! இதைப் படித்த அன்றைக்கு என் தடத்தையே யாரோ அட்லஸில் எடுத்துப் பிரான்ஸில் வைத்த மாதிரி இருந்தது. 1648-ம் வருடம் செப்டம்பர் 19-ம் தேதி, பாதிரியார், மருத்துவர் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு பெரியே ஏறினார். கீழே மடத்துத் தோட்டத்தில் 26 அங்குலத்துக்கு மேல் நின்ற பாதரசம், உச்சியில் 23 அங்குலச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. மூன்று அங்குலம்! மனிதர் நம்பாமல் கோயிலுக்குள் வைத்து, வெளியே வைத்து, காற்றில் வைத்து என்று ஐந்து தடவை பார்த்தார். எல்லாத் தடவையும் அதே.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது உச்சியில் நடந்தது இல்லை. கிளம்பும் முன் இதேபோல இன்னொரு குழாயைக் கீழே மடத்தில் நிறுத்தி, ஒரு துறவியைக் காவலுக்கு வைத்து, நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுப் போனார். அது காலையிலிருந்து சாயங்காலம் வரை அசையவே இல்லை. அந்தத் துறவி மட்டும் இல்லையென்றால், அன்றைக்குப் பொழுது மாறியதில் பாதரசம் தானாகவே இறங்கியிருக்கும் என்று எதிர்க்கட்சிக்காரன் சுலபமாகச் சொல்லியிருப்பான். மலை ஏறினவர் பெயரை எல்லாரும் சொல்கிறார்கள். கீழே உட்கார்ந்து ஒன்றுமே நடக்காததைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளும் சம்பளத்துக்கு உரியவர்தான்.

இதைப் படித்த பிறகு நானும் ஒரு காரியம் செய்தேன். ஒரே மாதிரி இரண்டு காலி பாட்டில். ஒன்றைச் சேலத்திலேயே மூடி, டைம் கீப்பர் மேஜையில் வைத்து, “அண்ணே, நான் வர்ற வரைக்கும் இதை யாரும் தொடாமப் பாத்துக்குங்க” என்றேன். இன்னொன்றைத் திறந்தபடி கொண்டுபோய் ஏற்காட்டில் மூடிக்கொண்டு வந்தேன். என்னுடையது ஒடுங்கிப்போயிருந்தது. அவருடையது அப்படியே நின்றது. “இதுக்கா ரெண்டு மணி நேரமா டீ குடிக்கக்கூட எந்திரிக்காம உக்காந்திருந்தேன்” என்றார். அவருக்குத் துறவி கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து டெப்போவில் அவருக்குச் சாமியார் என்றே பெயராகிவிட்டது.

ஏற்காட்டில் குடித்தனம் வருகிற சேலத்துப் பெண்கள் பருப்பு வேகவில்லை என்று பருப்பைத் திட்டுவார்கள். பருப்பின் மேல் தப்பில்லை. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடும். அங்கே கொதிநிலை 95 டிகிரி செல்சியஸ் சுமார். எவ்வளவு எரித்தாலும் திறந்த பானைத் தண்ணீர் அதற்குமேல் சூடாகாது. குக்கர் மூடினால் சரியாகிவிடும்.

அடுத்தது வாந்தி. சாப்பிடும் நேரத்தில் படிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஏற்காட்டுத் தடத்துக்கு வந்த புதிதில் மூன்று வாரம் நானே வாந்தி எடுத்தேன். தலையைக் குனிந்து டிக்கெட் கிழிக்க வேண்டும், அதே நேரம் வண்டி வளையும். கண் பார்ப்பது அசையாத டிக்கெட் கட்டை. காதுக்குள் இருக்கிற மூன்று அரைவட்டக் குழாய்களில் உள்ள நீர் சுழல்கிறது. இரண்டு சாட்சியும் இரண்டு விதமாகச் சொன்னால் மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. ஓட்டுநருக்கு வராது, அடுத்த வளைவு அவர் கையில் இருக்கிறது. ஆனால் இருபது வருடம் ஏற்காட்டு வண்டி ஓட்டிய எங்கள் ஓட்டுநர் ஒருவர், லீவு நாளில் குடும்பத்தோடு பயணியாக வந்து கடைசி சீட்டில் உட்கார்ந்தார். பதினோராவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். சீனியாரிட்டி காப்பாற்றவில்லை.

காதுதான் காரணம் என்பது எப்படித் தெரிந்தது? இது எனக்கு மிகவும் பிடித்த கதை. விண்வெளிக்கு ஆள் அனுப்பும் முன், 1950-களின் கடைசியில், அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் காலாடெட் என்ற காது கேளாதோர் கல்லூரியிலிருந்து 11 பேரைச் சோதனைக்கு எடுத்தார்கள். ஒருவரைத் தவிர மற்றவர்களுக்குச் சிறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, கேட்கும் திறனோடு உள்காதின் சமநிலை உறுப்பும் பழுதாகியிருந்தது. சுழலும் அறையில் நாள்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. நோவா ஸ்கோஷியா பக்கம் கொந்தளிக்கிற கடலில் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர்கள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். குறிப்பெடுக்க வந்த ஆராய்ச்சியாளர்கள் வாந்தி எடுத்துச் சுருண்டுபோய், சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஒரு தடவை காது கேளாத பிள்ளைகளை ஒரு பள்ளியிலிருந்து ஏற்காட்டுக்குச் சுற்றுலா கூட்டி வந்தார்கள். வழக்கம்போல வாந்திப் பையை நீட்டிக்கொண்டே போனேன். சில பிள்ளைகள் வாங்கிக்கொண்டன. சில பிள்ளைகள் பையை ஊதிப் பலூனாக்கி விளையாடின. கூட வந்த ஆசிரியர்கள் இருவரும் எலுமிச்சம்பழத்தை மூக்கை விட்டு எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைகளிடம் சைகையிலாவது சொல்லியிருப்பேன்.

கல்லுக்கு வருகிறேன். இதில் எனக்கு உங்கள்மேல் நேரடி வருத்தம் உண்டு. சேலத்தின் வெள்ளைக் கரடுகளைப் பற்றி ஒரு துணுக்குப் போட்டீர்கள். சாக் ஹில்ஸ் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்த பெயரைச் சுண்ணாம்புக் குன்று என்று மாற்றி, கடல் உயிர்களின் ஓடு படிந்து உண்டானது என்று ஒரு வரியும் சேர்த்திருந்தீர்கள். சாக்கட்டி அப்படி உண்டானது, வாஸ்தவம். நம்முடையது சாக்கட்டி இல்லையே! ஊரில் வெள்ளைக்கல் என்போம், படித்தவர்கள் மேக்னசைட் என்பார்கள். ரயில்வேக்காரர்கள் மேக்னசைட் ஜங்ஷன் என்று போர்டே எழுதி மாட்டியிருக்கிறார்கள். பூமியின் ஆழத்து மூலப்பொருளிலிருந்து வந்த, டியூனைட் எனப்படும் பச்சைச் சாயல் கல்லில், கரியமில வாயு கலந்த நீர் இறங்கி வினைபுரிந்து, வெடிப்புகளில் வெள்ளை நரம்பாக ஓடியது இது. கடலுக்கும் சிப்பிக்கும் இங்கே வேலை இல்லை.

இதைச் சோதிக்க ஒரு சொட்டு அமிலம் போதும். நாக்கு வழக்கில் என்னை ஜெயித்த அந்தப் பெண், பிளஸ் ஒன் போனதும் பள்ளி ஆய்வகத்தில் செய்து பார்த்துவிட்டு வந்து சொன்னது. சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் சோடா மாதிரி பொங்குகிறது. வெள்ளைக்கல்லில் விட்டால் பேசாமல் கிடக்கிறது. அதையே பொடியாக்கி, அமிலத்தையும் சூடாக்கி விட்டால்தான் குமிழி வருகிறது. “கோபம் வர லேட்டாவுது அங்கிள், உங்கள மாதிரி” என்றது. வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைக்கும் மக்னீசியம் ஆக்சைடு 2,800 டிகிரி வரை உருகாது. இரும்பு ஏறக்குறைய 1,540-லேயே உருகிவிடும். உருக்காலை உலைகளுக்கு உள்சுவர்ச் செங்கல் இதில் செய்வது அதனால்தான். எங்கள் ஊர் வெள்ளைக்கல்லைச் சுண்ணாம்பு என்று சொன்னால் எங்களுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். மல்கோவாவைக் காட்டிப் புளிமாங்காய் என்றால் விடுவோமா?

மலைப்பாதையில் வெட்டி நிற்கும் அந்த எண்ணெய்ப் பளபளப்புக் கருங்கல்லைப் பற்றி நீங்கள் போட்டது சரி. சார்னகைட், வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு, இமயமலையைவிட எவ்வளவோ மூத்தது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கும்பினிக்காரரின் கல்லறைப் பலகை இந்த இனக் கல். நம் பல்லாவரம் பக்கமிருந்து போனது. 1893-ல் புவியியல் துறையின் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லறையை வைத்தே இந்தக் கல்லுக்குப் பெயர் வைத்தார். ஆக, அந்த மனிதர் ஊரை உண்டாக்கினாரோ இல்லையோ, செத்த பிறகு ஒரு பாறைக்குப் பெயர் ஆகிவிட்டார்.

250 கோடி என்று யார் எண்ணியது? எங்கள் செக்கர் எண்ணுவது போலத்தான். வண்டியை மறித்து ஏறுவார், டிக்கெட் கட்டை வாங்குவார். புறப்படும்போது இருந்த எண், இப்போது மேலே இருக்கிற எண், இரண்டையும் பார்த்தால் எத்தனை கிழிந்தது என்று சொல்லிவிடுவார். பாறையில் சிர்க்கான் என்று பொடிப் படிகங்கள் இருக்கின்றன. உண்டாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்க்கும், ஈயத்தைச் சேர்க்காது. உள்ளே போன யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து ஈயமாகும். பாதி யுரேனியம் ஈயமாக 447 கோடி ஆண்டு ஆகும், அந்த வேகம் மாறாது. மீதி யுரேனியம் எவ்வளவு, சேர்ந்த ஈயம் எவ்வளவு என்று எண்ணினால் வயது வந்துவிடும். ஒன்று மட்டும் விட்டுவிட்டீர்கள். அது கல்லின் வயது. கல் வெந்தது பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே. அது மேலே வந்து, மழையும் வெயிலும் அரித்து இப்போதைய மலையாக நிற்பது வெகு பிந்திய கதை.

கடைசியாக, நானே சேர்த்த ஒரு கணக்கு. மார்ச், ஏப்ரலில் காபித் தோட்டங்களில் ஒரு நாள் காலையில் எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஒண்டிக்கடை தாண்டும்போதே பஸ்ஸுக்குள் மல்லிகை மாதிரி வாசம் அடிக்கும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் கருகிவிடும். யார் மணி அடித்துச் சொன்னது இத்தனை செடிக்கும் என்று எனக்கு வெகு நாள் யோசனை. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், மழை பெய்த தேதியையும் பஸ்ஸில் வாசம் வந்த தேதியையும் குறிக்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் ஒன்பதாம் நாள், இல்லாவிட்டால் பத்தாம் நாள். மொட்டுகள் வறண்ட மாதங்களில் உறங்கிக் கிடந்து, நல்ல மழை ஒன்று விழுந்ததும் ஒன்றாக விழித்துக்கொள்கின்றன. மழையா, இல்லை அந்தப் பருவத்துச் சூடா என்று என் மகன் குறுக்குக் கேள்வி கேட்டான். அதற்கும் விடை தோட்டத்திலேயே இருக்கிறது. மழை வராத வருடம், தண்ணீர் வசதி இருக்கிற எஸ்டேட்காரர்கள் தெளிப்பான் வைத்து நனைக்கிறார்கள். நனைத்த தோட்டம் அதே நாள் கணக்கில் பூக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நனையாத தோட்டம் பச்சையாகவே நிற்கிறது. மடத்துத் துறவியின் குழாய் போல.

சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்று நீங்கள் போட்டதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2003-ல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் பூமிக்குப் பக்கத்திலேயே சுற்றி வந்துவிட்டு, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். சில மீட்டர் அகலச் சுவரை 3,84,000 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்ப்பதும், ஒரு தலைமுடியை நாலு கிலோமீட்டர் தள்ளி நின்று பார்ப்பதும் ஒன்று. வகுத்துப் பார்க்க எங்கள் வீட்டு ஐந்தாம் வகுப்பே போதுமாக இருந்தது.

தப்பாக வந்த துணுக்குகளுக்குத் திருத்தம் போடுங்கள். ஏழாம் பக்கத்து மூலையில், டெண்டர் விளம்பரத்துக்கு அடியில் வேண்டாம். அதே பெட்டியில், அதே எழுத்து அளவில் போடுங்கள். என் பேரன் நாக்குப் படத்தை ஒட்டிய பக்கத்திலேயே அதையும் ஒட்டிக்கொள்ளட்டும். கிழித்தெறியாதே, மேலே ஒட்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. வெட்டுவதாக இருந்தால் வாந்திப் பத்தியில் ஓட்டுநர் கதையை வெட்டுங்கள், அவரும் உங்கள் வாசகர்தான். துறவியை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
கன்னங்குறிச்சி, சேலம்.

பின்குறிப்பு: இதோடு ஒரு பாட்டிலும் அனுப்பலாம் என்று இருந்தேன். ஏற்காட்டில் மூடியது, நன்றாக ஒடுங்கியிருக்கிறது. கூரியர்க்காரர் காலி பாட்டிலை எதற்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டார். காலி இல்லை, உள்ளே ஏற்காட்டுக் காற்று இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் சேலம் நிருபர் இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், எடுத்து வைத்திருக்கிறேன்.